கரட்டில் காடு வர வேண்டுமென்றால், அது யாருடையது என்பதை முதலில் எழுதுங்கள்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு கரடு, அதாவது சிறு பாறைக்குன்று, இருக்கிறது. தாத்தா காலத்தில் அதில் துரிஞ்சியும் வெப்பாலையும் ஆச்சாவும் நெருங்கி நின்றதாகச் சொல்வார்கள். நான் பள்ளிக்கூடம் போன நாட்களிலேயே அது சரளையும் பாறையும் உண்ணிச்செடியுமாக மாறிவிட்டிருந்தது. எனக்கு விவரம் தெரிந்த பிறகு அங்கே மூன்று முறை மரக்கன்று நட்டார்கள். மூன்று முறையும் அடுத்த சித்திரையில் ஏறிப் பார்த்தேன். குழிகள் இருந்தன, கன்றுகள் இல்லை.

நட்டவர்களின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நம் மாவட்டத்தின் மண்ணையும் மழையையும் அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இருக்காது. ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றாலும் அதில் கணிசமான பங்கு புரட்டாசி, ஐப்பசியில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மரமில்லாத சரிவில் அந்த நீர் நிற்பதில்லை, இருக்கிற கொஞ்சம் செம்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போகிறது. பையில் சுருண்டு வளர்ந்த வேரோடு ஐப்பசியில் நடப்படும் கன்று, நான்கே மாதத்தில் கோடையைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றவும் ஆட்டிடமிருந்து காக்கவும் ஆள் வேண்டும், ஆனால் ஒதுக்கிய பணம் நடவோடு முடிந்துவிடுகிறது.

போன மாசி மாதம், அந்தக் கரட்டில் ஆடு மேய்க்கும் பாட்டி ஒருவரோடு மேலே போயிருந்தேன். உண்ணிச்செடிப் புதரைக் கோலால் விலக்கி, தரையோடு தரையாக இருந்த ஒரு கட்டையைக் காட்டினார். தொடை பருமன் இருக்கும், உயரம் ஒரு சாண்கூட இல்லை. அதைச் சுற்றி விரல் நீளத்துக்கு இருபது முப்பது துளிர்கள், எல்லாம் நுனி கடிக்கப்பட்டுத் தேய்ந்த துடைப்பம் போல நின்றன. “இது செத்துப் போகல கண்ணு. வருசா வருசம் துளிருது, எங்க ஆடுதான் வுட மாட்டேங்குது. ரெண்டு மழைக்கு வுட்டா ஆள் ஒசரம் வந்துரும்” என்றார். துரிஞ்சி, சில ஊர்களில் உசில் என்பார்கள். அன்று மாலைக்குள் அப்படிப்பட்ட கட்டைகளை ஐம்பதுக்கு மேல் எண்ணினோம்.

அந்தக் கட்டைக்குக் கீழே பல ஆண்டுகள் பாறையிடுக்கில் இறங்கிய வேர் இருக்கிறது. எந்த நாற்றங்காலிலிருந்தும் அப்படி ஒரு வேரை வாங்கி வர முடியாது. ஆகவே கரட்டைக் காடாக்கும் முதல் வேலை நடுவதன்று. மேய்ச்சலை நிறுத்தி, உண்ணிச்செடியை வேரோடு எடுத்து, ஒவ்வொரு கட்டையிலும் நேராக வரும் இரண்டு மூன்று தளிரை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். சரிவுக்குக் குறுக்கே சம மட்டத்தில் வாய்க்கால் வெட்டி, அங்கேயே கிடக்கும் கல்லால் வரப்புக் கட்ட வேண்டும். கட்டையே இல்லாத வெற்றிடங்களில் மட்டும், அதுவும் ஆடி, ஆவணியிலேயே கன்று வைத்தால் போதும்.

மேய்ச்சலை நிறுத்துவது யார் என்பதுதான் கடினமான கேள்வி. அந்தப் பாட்டிக்குப் பதினோரு ஆடுகள் உண்டு, வேறு வருமானம் கிடையாது. நாளை முதல் கரட்டில் ஏறக்கூடாது என்று அவரிடம் சொல்வது அடுப்பை அணைக்கச் சொல்வதற்குச் சமம். கரட்டை மூன்று பங்காகப் பிரித்து ஒரு நேரத்தில் ஒரு பங்கை மட்டும் அடைக்கலாம், அடைத்த பங்கில் வளரும் புல்லை ஆடு வைத்திருக்கும் குடும்பங்களே அறுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சரி கண்ணு, பெருசா வளந்த பொறவு அது யாருதுன்னு கேட்டுச் சொல்லு” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன இடங்களில் காடு திரும்பியிருக்கிறது. மேற்கு வங்கத்தின் அரபாரியில் 1970களின் தொடக்கத்தில், வெட்டி அழிக்கப்பட்ட சால் மரக் காட்டைக் காப்பதற்கு ஈடாக 11 கிராமங்களுக்கு வருமானத்தில் 25 விழுக்காடு பங்கு தருவதாக வனத்துறை ஒப்புக்கொண்டது. அங்கேயும் அடிக்கட்டைகள்தாம் தழைத்தன. 1990 ஜூன் மாதம் மத்திய அரசு வெளியிட்ட கூட்டு வன மேலாண்மை (வனத்துறையும் கிராமமும் சேர்ந்து காட்டைக் காப்பது) வழிகாட்டுதலுக்கு அந்த அனுபவம் முன்னோடியாக அமைந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், காட்டைக் காக்கும் உரிமையையும் மூங்கில், தேன் போன்ற சிறு வன மகசூலின் உடைமையையும் காட்டில் வாழும் சமூகங்களுக்கே அளித்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து மேண்டா லேகா கிராமம் 2009இல் அந்தச் சமூக உரிமையைப் பெற்று, 2011 முதல் தன் மூங்கிலைத் தானே விற்றது. எங்கள் பக்கத்து ஊரிலும் ஒரு காலத்தில் வனக்குழு இருந்தது. கூலி வந்த வரை கூடியது, கூலி நின்றதும் கலைந்தது. விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்பதை அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை.

நம் மாவட்டத்தில் இந்த எழுத்து கூடுதலாகத் தேவைப்படுவதற்கு வரலாறும் ஒரு காரணம். சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகப் போன வன, காவல், வருவாய்த் துறையினர் அந்த மக்களுக்கு இழைத்த கொடுமையை நாம் அறிவோம். 2011இல் தருமபுரி நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது, 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காடு என்ற சொல்லோடு அச்சமும் சேர்ந்து வரும் ஊர்களில், வாய்ச்சொல்லை நம்பி யாரும் ஆட்டைக் கட்டிப்போட மாட்டார்கள்.

பங்கு பிரிக்க மகசூல் தரும் காடு வேண்டும், அது தைலமரத் தோப்பு அன்று. மாசி, பங்குனியில் நம் ஊர்த் திண்ணைகளைப் பாருங்கள். குவித்த புளியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்துக்கொண்டிருப்பார்கள், விரலிடுக்கெல்லாம் புளிப்பில் வெந்து போயிருக்கும். அவர்களில் பெரும்பாலோர் அடுத்தவர் புளிக்குக் கூலிக்கு உடைப்பவர்கள். கரட்டின் அடிச்சரிவில் அவர்களுக்கே புளி இருந்தால் அந்தக் கணக்கு மாறும். விதைக்கன்று காய்க்க எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும், ஒட்டுக்கன்று அதற்கு முன்பே காய்க்கும். அதுவரை கை வெறுமையாக இருக்க வேண்டியதில்லை. முதல் ஆண்டிலேயே புல் கிடைக்கும், பிறகு துரிஞ்சி இலையை உலர்த்தி இடித்தால் தலைக்குத் தேய்க்கும் அரப்பு. பாறைச் சந்தில் தானே முளைக்கும் சீதாப்பழ மரத்தின் இலையை ஆடு தொடுவதில்லை, ஆகவே வேலி போட முடியாத மேட்டில் அதை விதைக்கலாம்.

புறம்போக்குப் புளியமரத்தின் மகசூலை ஏலம் விடும் வழக்கம் நமக்குப் பழகியதுதான். அந்த ஏலத்துக்கு முன்பாக, காத்த குடும்பங்களின் பங்கைக் குறிப்பிடும் ஒரு தீர்மானத்தை ஆகஸ்ட் 15 கிராம சபையில் முன்வைக்கப் போகிறேன். பங்கு எத்தனை விழுக்காடு, எந்தச் சரிவு எந்த ஆண்டு அடைக்கப்படும், நிலமில்லாதவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் குழுவில் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும். பாலக்கோடு, அரூர், தேன்கனிக்கோட்டை பக்கத்தில் முறைவைத்து மேய்ச்சலை அடைத்த ஊர்கள் இருந்தால், என்ன ஏற்பாடு செய்தீர்கள், எங்கே சண்டை வந்தது, அதை எப்படித் தீர்த்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். கிராம சபைக்கு முன்பு அதை அந்தப் பாட்டியிடமும் மற்ற மேய்ப்பவர்களிடமும் படித்துக் காட்ட வேண்டும்.