ஏமாந்த மனிசியைப் பார்த்து என்ன சிரிப்பு?

வங்கியிலிருந்து பேசுவதாகக் கோல் எடுத்த ஒருவனிடம், போனுக்கு வந்த ஓடிபியை (ஒருதடவை மட்டும் பயன்படும் இரகசிய இலக்கத்தை) சொல்லிக் காசை இழந்த ஆரையம்பதி டீச்சரின் குரல்பதிவு, எனக்கே நாலு வாட்ஸ்அப் குழுவால் வந்துவிட்டது. அழுதுகொண்டு தங்கைக்கு அனுப்பியது அது. கீழே வரிசையாகச் சிரிப்பு இமோஜிகள். "படிச்ச மனிசி இப்பிடியா ஓடிபியைத் தூக்கிக் குடுக்கிற?"

படிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கோல் எடுத்தவன் நல்ல தமிழில், பேர் சொல்லி, அடையாள அட்டை இலக்கத்தையும் சொல்லி, "மிஸ், இன்னும் பத்து நிமிசத்தில உங்கட கார்ட் நிண்டுடும்" என்றிருக்கிறான். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துத்தான் அவன்கள் பிழைக்கிறார்கள். யோசிக்க விடமாட்டான், போனை வைக்க விடமாட்டான், பக்கத்தில் ஒருவரிடம் கேட்கவும் விடமாட்டான்.

"யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று எஸ்எம்எஸ்ஸிலேயே இருக்கே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். சரி, இருக்கிறது, ஆங்கிலத்தில். காதுக்குள் ஒருவன் அவசரப்படுத்தும்போது கண் போவது இலக்கத்துக்குத்தான். பேராசை என்றவர்களுக்குப் பதில் சொல்லவே மனம் வரவில்லை. அவர் பரிசுக்கு ஆசைப்படவில்லை, சம்பளக் காசு போய்விடுமே என்று பயந்தார்.

எங்கள் வீட்டிலும் நடந்தது. கல்லடியில் அப்பாவுக்கு "ஓய்வூதியக் கணக்கைப் புதுப்பிக்க வேணும்" என்று ஒரு அழைப்பு. காசு போனது திங்கட்கிழமை, எங்களுக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை. அன்றே சொல்லியிருந்தால் வங்கிக்கு எடுத்துக் கணக்கை நிறுத்தியிருக்கலாம். அந்த நாலு நாளில் மிச்சத்தையும் இரண்டு தடவையாக உருவிவிட்டார்கள். ஏன் அப்பா சொல்லல்ல என்று கேட்டேன்.

"நீங்க சிரிப்பீங்க மனே."

முந்தின கிழமைதான், வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லி வாட்ஸ்அப்பைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டு மாமாவை நினைத்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பாவும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். சிரிப்புக்குப் பயந்து ஒருவர் மறைக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் கள்ளனுக்குத்தான் போய்ச் சேருகிறது.

அப்போ கவனம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும். வங்கியிலிருந்து எவரும் ஓடிபியோ பின் இலக்கமோ கேட்கமாட்டார்கள். கேட்டால் போனை வைத்துவிட்டு, கார்ட்டின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள். போய்விட்டால் முதலில் வங்கி, பிறகு பொலிஸ், இணையப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்துக்கும் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டே கணினிக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. அதில் குற்றவாளி ஏமாற்றியவன். டீச்சர் இல்லை.

பழைய மாணவர் குழுவில் அந்தப் பதிவைப் போட்டவர்களே, தயவுசெய்து அழித்துவிடுங்கள். உங்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்தவர் அவர். அந்தக் குழுவில் இன்னமும் இருக்கிறார்.