கேசட்டுகளை வெயிலில் காயவைத்தால் பூஞ்சை போய்விடுமா?

மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த கேசட்டுகளை மொட்டை மாடி வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்தால் அவை புதியவைபோல் ஆகிவிடும் என்று சென்னையில் வாட்ஸ்அப் வழியே பரவும் அறிவுரை தவறானது. இறுக்கமாகச் சுற்றப்பட்ட நாடாவின் உள்ளடுக்குகளை வெயில் எட்டுவதே இல்லை. ஆனால் அதன் வெப்பம் பிளாஸ்டிக் கூட்டை வளைத்துவிடக்கூடும் என்பதோடு, ஓர் அடுக்கின் காந்தப் பதிவு அடுத்த அடுக்கில் படிந்து, பாட்டுக்கு முன்னும் பின்னும் மங்கலான எதிரொலியாகக் கேட்பதையும் அதிகப்படுத்துகிறது. சி-60 (இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடம் ஓடும்) நாடாவின் தடிமனே சுமார் 18 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 90 நிமிடம் ஓடும் சி-90 நாடா சுமார் 12 மைக்ரான்தான்; நாடா மெல்லியதானால் இப்படிப் படிவது எளிது என்பதால், நெடுநாள் காக்கவேண்டிய பதிவுகளுக்கு நான் சி-60 வகையையே பரிந்துரைப்பேன்.

பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே ஓடவிடவும் கூடாது, ஏனெனில் பூஞ்சை பிளேயரின் ஹெட்டில் (நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பகுதியில்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். முதலில் அந்தக் கேசட்டை மற்றவற்றிலிருந்து தனியே எடுத்து, வெயில் படாத உலர்ந்த அறையில் வைத்து, முகக்கவசம் அணிந்துகொண்டு உலர்ந்த மென்துணியால் கூட்டைத் துடைக்க வேண்டும். வீட்டில் ஒரே பிரதியாக இருக்கும் தாத்தா பாட்டியின் குரல் என்றால், நாடாவைத் தேர்ந்த கைகளிடமே ஒப்படையுங்கள். மற்ற கேசட்டுகளின் நாடாவை ஒரு முனைவரை முழுவதும் சுற்றி, கேசட்டுகளை உறையிலிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் நிமிர்த்தி வையுங்கள்.