நான் கேட்டது ஒரு கேள்வி

புதன்கிழமை கிளினிக்கில் நடந்தது இப்போது ஊர் முழுக்கத் தெரியும். அதைத் திரும்ப எழுதவில்லை. வைபர் குரூப்பில் போன வொய்ஸையும் கேட்டேன். "அவ வீட்டில பெறப் போறாவாம், லண்டன்காரி எண்ட நினைப்பு" என்று சொல்லிச் சிரிக்கும் குரல் யாருடையது என்றும் தெரியும். அவருக்கே முதலில் சொல்கிறேன். வீட்டில் பெறப் போகிறேன் என்று நான் சொல்லவில்லை. மருத்துவிச்சியை வைத்து வீட்டில் பெறலாமா என்று கேட்டேன். நான் கேட்டது ஒரு கேள்வி.

கேட்ட இடம் கிளினிக், கேட்டது டொக்டரிடம். வேறெங்கே போய்க் கேட்பது? வாங்கு நிறையப் பெண்கள் இருக்க, "யூரியூப் பாக்கிறதைக் குறையும் பிள்ளை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கர்ப்பிணி அட்டையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து இருந்தேன். என் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

இது யூரியூப் பார்த்து வந்த ஆசை இல்லை. லண்டனில் இருக்கும் மச்சாள் இரண்டாவது பிள்ளையை வீட்டில்தான் பெற்றாள். அரசாங்கம் அனுப்பிய இரண்டு மிட்வைஃப் வந்தார்கள். இரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி, பிள்ளை மூச்செடுக்காவிட்டால் காற்றுக் கொடுக்கும் பை எல்லாம் கையோடு கொண்டு வந்தார்கள். ஏதும் பிசகினால் அம்புலன்ஸ். அந்த நாட்டில் சுமார் 64,000 பிரசவங்களைப் பின்தொடர்ந்து 2011ல் ஓர் ஆய்வு வந்தது. சிக்கல் இல்லாத பெண்களில், ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களுக்கு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் பிள்ளைக்கான ஆபத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதல் பிள்ளை என்றால் வீட்டில் ஆபத்துக் கூட. வீட்டில் தொடங்கிய முதல் பிரசவங்களில் 100க்கு 45 பேரை ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டி வந்தது. எனக்கு இது இரண்டாவது. முதலாவது சுகப்பிரசவம். பிரஷர் இல்லை, சீனி இல்லை, உடம்பில் இரத்தம் போதுமான அளவு இருக்கிறது, பிள்ளை தலை கீழே திரும்பிவிட்டது. இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன்.

2018ல் திருப்பூரில் ஓர் ஆசிரியை வீடியோ பார்த்து வீட்டில் பிள்ளை பெற்று, இரத்தம் போய் இறந்தார். அந்தச் செய்தியை எனக்கு அனுப்பியவர்கள் மட்டும் ஆறு பேர். அந்த அறையில் படித்த மருத்துவிச்சி ஒருவரும் இருக்கவில்லை. நான் கேட்டதே மருத்துவிச்சியைப் பற்றித்தான்.

சரி, லண்டனும் யாழ்ப்பாணமும் ஒன்றா என்று கேட்கிறீர்கள். ஒன்றில்லை. எனக்கும் தெரியும், என் வீட்டிலேயே செத்திருக்கிறார்கள். அம்மம்மாவின் அக்கா வேலணையில் வீட்டில்தான் பெற்றார். பிள்ளை நல்லாய் இருந்தது. நஞ்சுக்கொடி முழுதாக விழவில்லை. கட்டிலின் கால்மாட்டுக்குக் கல் வைத்து உயர்த்திவிட்டுக் கார் தேடி ஓடினார்களாம். கார் வரும்போது பாய் முழுக்க இரத்தம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் வருகிறது, 2018லிருந்து எங்களுக்கும் அது இருக்கிறது. ஆனாலும் இரத்தம் ஏற்றுவது ஆஸ்பத்திரியில்தான். அதனால் ஆஸ்பத்திரியை நான் பழிக்கவில்லை. இந்த நாட்டில் இன்று ஒரு லட்சம் பிறப்புக்குச் சுமார் 30 தாய்மார்தான் இறக்கிறார்கள். 1930களில் அது 2,000க்கு மேல். அந்த மாற்றத்தில் பெரும் பங்கு வீடு வீடாகச் சைக்கிளில் போன மருத்துவிச்சிமாருடையது. 1926ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து அவர்கள் நடந்த நடை அது. அவர்களுடைய பெயரைச் சொல்லிக் கேட்டதற்கா என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்?

இவ்வளவும் தெரிந்தும் ஏன் கேட்டாய் என்பவர்களுக்கு இனி ஒளிக்க மாட்டேன். முதல் பிள்ளைக்கு நான் 13 மணித்தியாலம் தனியாகக் கிடந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. அம்மா வெளி வாங்கில் சுடுதண்ணிப் போத்தலோடு இருந்தார், உள்ளே விடவில்லை. அவர் பக்கத்துச் சுவருக்கு வெளியே இருக்கிறார் என்று தெரியும், கூப்பிட்டால் கேட்காது. பக்கத்துக் கட்டிலில் கத்திய பிள்ளைக்கு, "பிள்ளை வேணும் எண்டேக்க இனிச்சதுதானே, இப்ப ஏன் கத்துறீர்" என்று ஒருவர் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு இருபது வயதும் இருக்காது. அதைக் கேட்டபிறகு நான் வாயைத் திறக்கவில்லை. என்னை வெட்டினார்கள், வெட்டப் போகிறோம் என்று சொல்லவில்லை. தையல் போடும்போதுதான் தெரியும். மூன்று மாதம் ஒழுங்காக இருக்க முடியவில்லை. "எல்லாருக்கும் அப்பிடித்தான்" என்றார்கள். எல்லோருக்கும் அப்படித்தான் என்றால் அது சரியாகிவிடுமா?

பிள்ளை சுகமாகக் கையில் கிடைத்தது, பிறகென்ன குறை என்று எழுதிய அண்ணாவுக்கு: பிள்ளை கிடைத்ததற்கு நான் இன்றும் அந்த டொக்டரைக் கும்பிடுகிறேன். குறை அதுவல்ல. நீங்கள் அந்தக் கட்டிலில் கிடக்கவில்லை.

நான் பிறந்தது 1993ல். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விலை சொல்ல முடியாது, ஜாம் போத்தல் விளக்கில்தான் வீடு. இரவில் சைக்கிளில் வந்த மருத்துவிச்சி ஆச்சி அம்மாவைப் படுக்க விடவில்லையாம். விறாந்தையில் நடத்தினாராம். நோ வரும்போதெல்லாம் அம்மா அம்மம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். வெட்டுக் கிழிவு ஒன்றும் இல்லை. விடிய நான் பிறந்தேன். அடுத்த நாளிலிருந்து பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயச் சரக்கும் பத்தியக் கறியும். அம்மாவுக்கு அது பயமான காலம், ஷெல்லுக்குப் பயந்தபடி பெற்றார். இருந்தும் அந்த இரவைப் பற்றிக் கதைக்கும்போது அவர் முகம் மலரும். என் பிரசவத்தைப் பற்றிக் கதைக்க எனக்கு அழுகைதான் வருகிறது.

விரும்பிய ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், நடக்க விடுங்கள், எல்லோரையும் வழக்கமாக வெட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ல் எழுதி வைத்திருக்கிறது. மருத்துவிச்சி ஆச்சி அதை விளக்கு வெளிச்சத்தில் செய்தார்.

நேற்று எங்கள் பகுதி மிஸ், குடும்பநல மருத்துவிச்சி, வீட்டுக்கு வந்தா. விஷயம் அவவுக்கும் போயிருக்கிறது. அவ சிரிக்கவில்லை. "அவசரத்துக்கு நாங்கள் பிடிப்பம் பிள்ளை. திட்டம் போட்டு வீட்டில வைக்க ஏலாது. இரத்தம் போனா என்னட்ட என்ன இருக்கு?" என்றா. பிறகு அரை மணித்தியாலம் இருந்து நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னா. அதுதான் பதில். அதைத்தான் புதன்கிழமையும் எதிர்பார்த்தேன். ஒரு நிமிடம் போதும், "ஏலாது, ஏனெண்டா இது" என்று சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன்.

ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன். பை கட்டி வைத்துவிட்டேன். வருகிற புதன் கிளினிக்கில் அதே டொக்டரிடம் இன்னொன்று கேட்கப் போகிறேன்: லேபர் ரூமில் என் அம்மா என் பக்கத்தில் நிற்கலாமா? இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நான் வெளி வாங்கில இருந்தது எனக்கும் மறக்கேல்லை. புதன்கிழமை நானும் வாறன்" என்றார்.