பெண்கள் வேலைக்குப் போனதால் அமெரிக்காவில் கறி குறைந்ததா?

"அமெரிக்காவில் பெண்கள் வேலைக்குப் போனதும் வீட்டில் கறி சாப்பிடுவதே குறைந்துவிட்டது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு, அதோடு பெண்கள் தலையில் வீண்பழி. வேலையில் இருந்த அல்லது வேலை தேடிய பெண்கள் 1950-இல் சுமார் 34 சதவீதம், 1999-இல் 60. ஆனால் 1970-ஐவிட 2000-இல் ஒரு ஆளுக்கான மொத்தக் கறி அதிகம்தான். குறைந்தது மாட்டிறைச்சி, அது 1976-இல் உச்சம் தொட்டு இறங்கியது, கோழி ஏறியது. மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவர் மூன்று மணி நேரம் ஓவன் அடுப்பில் வேக வேண்டிய மாட்டுக்கறித் துண்டை எடுப்பாரா, அரை மணி நேரத்தில் தயாராகும் எலும்பில்லாத கோழியை எடுப்பாரா, நீங்களே சொல்லுங்கள். சரி, அதுகூடப் பல காரணங்களில் ஒன்றுதான். கோழி விலை மலிந்தது, கொலஸ்ட்ரால் பயம் பரவியது, அப்புறம் 1983-இல் மெக்டொனால்ட்ஸ் நாடு முழுக்க சிக்கன் நக்கெட்ஸ் விற்கத் தொடங்கியது.