பின்தங்கிய மாவட்டமாம்!

யாழ்ப்பாணத்தில் நடந்த அந்தப் பரிசளிப்பு விழா வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைகள் சலுகையில் மெடிசின் போகிறார்கள், எங்கள் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள்" என்று பிரதம விருந்தினர் ஐயா சொன்னதைக்கூட விடலாம். மண்டபமே கைதட்டியதே, அதுதான் இரண்டு நாளாகக் காதுக்குள் நிற்கிறது.

பின்தங்குவதென்றால் ஒருவன் தானாக நின்றுவிடுவது. களைத்துப்போய், அல்லது வழியில் கச்சான் வாங்கிக்கொண்டு. முல்லைத்தீவு அப்படியா நின்றது? தங்கவில்லை ஐயா, தள்ளப்பட்டது.

எங்களுக்கு இது தெரியாததா? 1970களின் தொடக்கத்தில் மருத்துவபீடம் போகத் தமிழில் எழுதியவருக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும் என்று வந்தபோது, "நாங்கள் பின்தங்கிவிட்டோம்" என்றா எங்கள் அப்பாமார் சொன்னார்கள்? இன்றைக்கும் கல்யாண வீட்டுப் பந்தியில் அந்தக் கணக்கை எடுக்கிற சனம் நாங்கள். எங்களுக்கு நடந்தால் அநியாயம், அடுத்தவனுக்கு நடந்தால் அவன் பின்தங்கியவன். நல்ல தமிழ்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, மழைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டியவன் நான். பிறகு கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் சேர்த்தார்கள். மூன்று பேர் இருக்கிற வாங்கில் ஐந்து பேர். ஓரத்தில் இருந்த பெடியன் ஒன்றும் பேசாமல் எழும்பி, எனக்கு இடம் தந்துவிட்டு நிலத்தில் இருந்து எழுதினான். அடுத்த ஏப்ரலில் நாங்கள் திரும்பி வந்துவிட்டோம், ரியூசனும் தொடங்கிவிட்டது. அவனுக்கோ அந்த வருடமே சண்டையில் கிளிநொச்சியும் இல்லாமல் போனது. இதில் யார் யாருடைய இடத்தை எடுத்தது?

"அப்ப திறமைக்கு மதிப்பில்லையா" என்று வருவீர்கள், தெரியும். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் முழுக்க அகில இலங்கைத் திறமைதான். 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம்தான் அந்தப் 'பின்தங்கிய' 16 மாவட்டத்துக்கும். அந்தப் பதினாறில் யாழ்ப்பாணமும் இருக்கிறது! ஐயாவுக்கு யாராவது மெல்லச் சொல்லிவிடுங்கள்.

பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கிற இசட் ஸ்கோரில் ஒரு துளி குறைந்து பிள்ளைக்குக் கிடைக்காமல் போன தாய்க்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வலி உண்மை, அதை நான் பகிடி பண்ணவில்லை. ஆனால் வெட்டுப்புள்ளி குறைவென்று பெயரை முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று வன்னியில் பதிந்துவிட்டுப் பிள்ளையை இங்கே ரியூசனுக்கு விடுகிற பெற்றோரும் கைதட்டியிருப்பார்களே, அவர்களை எதில் சேர்ப்பது?

"நீ வன்னியில் கல்யாணம் கட்டியவன், அதுதான் கதைக்கிறாய்" என்று நேற்று ஒருவர் இன்பொக்ஸில். ஓம், கட்டினேன். அதுக்கென்ன?

அந்த வீடியோவை எனக்கு முதலில் அனுப்பியதே அந்த வாங்குக்காரன்தான். அவனுடைய மகள் வருகிற வருடம் உயர்தரம் எடுக்கிறாள். "உங்கட ஆக்கள்" என்று மட்டும் கீழே எழுதியிருந்தான். நான் இன்னும் பதில் போடவில்லை.