ஹாக்கிக்கு நல்ல ஆண்டுதான். மைதானத்துச் சாவி யாரிடம் இருக்கிறது?

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் விளையாட்டுச் சங்கங்களுக்கு நன்றியுணர்வு பொங்கிவிடும். அமைச்சருக்கு நன்றி, முதலமைச்சருக்கு நன்றி, விளம்பரதாரருக்கு நன்றி, அதிகாரிகளுக்கு நன்றி. இடம் மிச்சமிருந்தால் கடைசி வரியில் ரசிகர்களுக்கும் ஒரு நன்றி. 2025 முடியும் இந்த வாரத்தில், நாட்டில் ஹாக்கியை நடத்தும் ஹாக்கி இந்தியா அமைப்பின் இந்த ஆண்டைப் பற்றி நான் எழுத உட்கார்ந்தது அந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்பதற்காகத்தான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல ஆண்டுதான். செப்டம்பர் 7 அன்று பீகாரின் ராஜ்கிரில் தென்கொரியாவை 4-1 என வீழ்த்தி ஆடவர் அணி ஆசியக் கோப்பையை வென்றது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கோப்பை. அதோடு 2026 உலகக் கோப்பைக்கு நேரடித் தகுதியும் கிடைத்தது. ஜூனியர் உலகக் கோப்பை சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது. முதன்முறையாக 24 அணிகள். ஏழு ஆண்டுகள் நின்றுபோயிருந்த ஹாக்கி இந்தியா லீக், 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. பெண்களுக்கும் முதல்முறையாகத் தனி லீக் நடந்தது. நவம்பர் 7 அன்று இந்திய ஹாக்கிக்கு நூறு வயது. 1925-இல் குவாலியரில் தொடங்கிய சம்மேளனம் மூன்றே ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாமில் ஒலிம்பிக் தங்கம் வென்றதை நினைத்தால் இன்றும் நம்ப முடிவதில்லை. அந்த நூற்றாண்டு நாளில் நாடெங்கும் 500-க்கும் அதிகமான மாவட்டங்களில் ஆட்டங்கள் நடந்தன. டெல்லியில் ஒரு விழாவோடு முடித்துக்கொள்ளாமல் மாவட்டங்களுக்குப் போனது இந்த அமைப்பு செய்த நல்ல காரியம் என்பேன்.

2008-ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியா தகுதியே பெறவில்லை. எட்டுத் தங்கம் வென்ற நாடு! பழைய சம்மேளனம் இடைநீக்கம் செய்யப்பட்டு, அடுத்த ஆண்டு ஹாக்கி இந்தியா உருவானது. அங்கிருந்து டோக்கியோவிலும் பாரிஸிலும் அடுத்தடுத்து வெண்கலம் வரை வந்திருக்கிறார்கள். குறை சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஜூனியர் உலகக் கோப்பையில் எனக்கு மிகவும் பிடித்தது ஆட்டங்களைவிட நுழைவு முறைதான். கட்டணம் கிடையாது. இணையத்தில் பதிவு செய்துகொண்டு நேரே உள்ளே போகலாம். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என அடிவாங்கிய அணி, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடமும் 0-2 எனப் பின்தங்கியிருந்தது. கால்வாசி ஆட்டம்தான் பாக்கி. கடைசிப் பதினோரு நிமிடங்களில் நான்கு கோல்கள்! எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் அன்று எழுந்த சத்தத்தில் பாதி பள்ளிப் பிள்ளைகளுடையது. கட்டணம் வைத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் வந்திருப்பார்கள்? 2016-க்குப் பிறகு ஜூனியர் அணி வென்ற முதல் உலகக் கோப்பைப் பதக்கம் அது. பயிற்சியாளர், முன்னாள் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ். கோல்கம்பத்துக்கு முன்னால் இருபது ஆண்டுகள் நின்றவருக்கு, வெளியே நின்று பார்ப்பது அதைவிடக் கடினமாக இருந்திருக்கும்.

இந்த ஆண்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 2018 முதல் தேசிய அணிகளின் விளம்பரதாரர் ஒடிசா அரசு. அந்த ஒப்பந்தம் 2036 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆசியக் கோப்பைக்கு அரங்கமும் ஏற்பாடும் தந்தது பீகார் அரசு. ஜூனியர் உலகக் கோப்பைக்காக மதுரையில் புதிய அரங்கம் கட்டியது தமிழ்நாடு அரசு. ஒரு காலத்தில் ரயில்வேயும் ராணுவமும் காவல்துறையும் வங்கிகளும் வேலை கொடுத்து இந்த ஆட்டத்தைக் காப்பாற்றின. சென்னை லீக்கில் இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப். அணிகளின் ஆட்டங்களைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. இன்று அந்த இடத்துக்கு மாநில அரசுகள் வந்திருக்கின்றன. கிரிக்கெட்டைப் போல ஒளிபரப்பு உரிமையிலிருந்து பணம் கொட்டாத ஆட்டத்துக்கு வேறு வழியும் இல்லை. நான் இதைத் தவறென்று சொல்லவில்லை. ஆனால் மாநில அரசின் பணம் என்றால் அது ஊர்ப் பணம். பஸ் டிக்கெட்டிலும் பெட்ரோலிலும் வரி கட்டுகிறவர்களின் பணம். அப்படியானால் நன்றிக் கடிதம் போக வேண்டிய முகவரி கோட்டை அல்ல.

ஊருக்கு எப்படி நன்றி சொல்வது? ஒடிசாவைப் பாருங்கள். சுந்தர்கர் மாவட்டத்தில் வட்டாரம்தோறும் செயற்கைப் புல்தரை அமைக்கும் திட்டத்தை எடுத்துச் செய்தார்கள். ஹாக்கி இந்தியாவின் தலைவர் திலீப் திர்க்கியும், ஆசியக் கோப்பை இறுதியில் ஒரு கோல் அடித்த அமித் ரோஹிதாஸும் அந்த மாவட்டத்தின் ஒரே கிராமத்துக்காரர்கள். சௌனமாரா. ஒரு கிராமம் இரண்டு தலைமுறைகளில் இப்படிப்பட்ட இரண்டு தடுப்பாட்டக்காரர்களைத் தந்ததற்கு விளம்பரப் பலகைகள் காரணமில்லை. பிள்ளைகள் தினமும் மட்டையோடு இறங்க ஓரிடம் இருந்தது.

தரை ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஆட்டம் அறியாதவர்கள் கேட்கலாம். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கோலாலம்பூரில் நாம் உலகக் கோப்பை வென்றிருந்தோம். அந்த அணியில் நம் வி.ஜே. பிலிப்ஸ் இருந்தார். ஒரே வருடத்தில் ஆள் மாறவில்லை, திறமை போய்விடவில்லை. கால்களுக்குக் கீழே தரை மாறியது. நீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து ஓடும் வேகமே வேறு. பந்தை நிறுத்துவது, தள்ளுவது, பெனால்டி கார்னர் வாய்ப்பில் பந்தை மட்டையால் இழுத்துக் கோலை நோக்கி வீசும் டிராக் ஃபிளிக் அடிப்பது எல்லாவற்றையும் உடம்பு புதிதாகப் பழக வேண்டும். செம்மண் தரையில் பத்து வருடம் ஆடிய பிள்ளை தேர்வு முகாமில் முதல்முறையாக டர்ஃபில், அதாவது செயற்கைத் தரையில், இறங்கினால், அவன் திறமையைத் தேர்வாளர் பார்ப்பதே இல்லை. அவனுடைய தடுமாற்றத்தைத்தான் பார்க்கிறார்.

ஆகவே மதுரை அரங்கத்துக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தை இந்தியா 5-0 என வென்றது அங்கேதான். தென் மாவட்டங்களுக்கு இப்படியொரு தரை கிடைத்தது பெரிய விஷயம். கட்டியவர்களுக்கு மனமார நன்றி. போட்டி முடிந்தது, வெளிநாட்டு அணிகள் பெட்டி கட்டிவிட்டன. இனி அந்த மைதானத்தின் வாயிற்கதவுச் சாவி யாரிடம் இருக்கும்? காலை ஆறு மணிக்கு மாநகராட்சிப் பள்ளி மாணவிகள் அணி வந்து நின்றால் கதவு திறக்குமா? மணிக்கு இவ்வளவு வாடகை என்று பலகை மாட்டுவார்களா? மோட்டார் பழுதானால் தண்ணீர் தெளிக்க ஆள் இருக்குமா? நம் ஊரில் அரங்கம் கட்டுவதற்குக் கிடைக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் சந்தேகம். கல்வெட்டில் பெயர் போடலாம். மோட்டாரில் போட முடியாதல்லவா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கசந்தாலும். நம் மண்ணில் நடந்த அந்த உலகக் கோப்பையில் இந்திய அணியில் ஒரு தமிழ்நாட்டு வீரரும் இல்லை. 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவராக இருந்த பாஸ்கரனின் மாநிலம் இது. கோவில்பட்டியில் ஹாக்கி ஆடாத தெரு இருக்கிறதா என்று கேட்பார்கள். அங்கிருந்து மாரீஸ்வரனும் அரியலூரிலிருந்து கார்த்தியும் 2022-இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்குப் போனபோது, நெடுநாளைக்குப் பிறகு தமிழ்நாட்டு வீரர்கள் இந்திய அணியில் என்று கொண்டாடினோம். கொண்டாட்டம் சரி, அடுத்த வரிசை எங்கே? இதற்கு டெல்லியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தரையும் பயிற்சியாளரும் மாவட்ட அளவில் தொடர்ந்து இல்லாவிட்டால், தேர்வாளர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

இந்த ஆண்டின் வளர்ச்சிக் கணக்கில் சிறிய எழுத்தில் போகக்கூடிய பகுதி பெண்கள் ஹாக்கி. பெரிய எழுத்தில் போட வேண்டியது அதைத்தான். நாடுகளின் அணிகள் மோதும் புரோ லீக்கில் மகளிர் அணி ஒன்பது அணிகளில் கடைசியாக முடித்துத் தகுதியிறக்கம் பெற்றது. ஆசியக் கோப்பை இறுதியில் சீனாவிடம் 1-4 என்று தோற்றதால், உலகக் கோப்பைக்குத் தகுதிச்சுற்று ஆட வேண்டியதாயிற்று. டிசம்பர் முதல் நாள் தலைமைப் பயிற்சியாளர் ஹரேந்திர சிங் விலகினார். அதே நாளில் சிலியின் சாண்டியாகோவில் மகளிர் ஜூனியர் உலகக் கோப்பை தொடங்கியது. நாம் சென்னையிலும் மதுரையிலும் பையன்களுக்குக் கை தட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில் நம் பெண்கள் அங்கே ஆடிப் பத்தாவது இடம் பிடித்தார்கள். உங்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஆடவர் அணியும் புரோ லீக்கில் எட்டாவது இடம்தான். ஐரோப்பாவில் வரிசையாகத் தோற்றார்கள். ஆனால் அவர்களுக்கு அடுத்த மாதங்களிலேயே ராஜ்கிர் கிடைத்தது, சொந்த மண்ணில், நிரம்பிய அரங்கில். பெண்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

ஏப்ரலில் வந்தனா கட்டாரியா ஓய்வு பெற்றார். 320 சர்வதேச ஆட்டங்கள்; இந்தியப் பெண்களில் யாரும் அவ்வளவு ஆடியதில்லை. டோக்கியோவில் அரையிறுதி தோற்றபோது ஹரித்வார் அருகே இருக்கும் அவர் வீட்டு வாசலில் நின்று சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள். அதற்குப் பிறகும் அவர் இந்தியாவுக்காக ஆடினார். 'சமூகத்துக்கு நன்றி' என்று நாம் எழுதும்போது, அந்தச் சமூகம் இவருக்கு என்ன செய்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நூற்றாண்டைப் பார்க்காமல் போனவர்களும் உண்டு. 1972 மியூனிக்கில் வெண்கலம் வென்ற அணியிலிருந்து வேஸ் பயஸ் ஆகஸ்டில் மறைந்தார். கண்ணூரின் மானுவல் ஃபிரெடரிக் அக்டோபர் 31 அன்று, விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மறைந்தார். தலைக்கவசம் இல்லாத காலத்துக் கோல்கீப்பர். பதக்கம் வென்றது 1972-இல். வாழ்நாள் பங்களிப்புக்கான தியான் சந்த் விருது வந்து சேர்ந்தது 2019-இல். 47 ஆண்டுகள்! இந்த விஷயத்தில் எந்த அரசையும் எந்தச் சங்கத்தையும் தனியாகக் குறிப்பிட வேண்டியதில்லை. எல்லோருக்கும் பங்கு உண்டு.

என் நன்றிப் பட்டியல் சிறியது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் மைதானத்துக்கு வரும் உடற்கல்வி ஆசிரியர்கள். பஸ் செலவு போகக் கையில் ஒன்றும் மிஞ்சாத மாவட்ட நடுவர்கள். உடைந்த மட்டையை நாடா சுற்றிக் கொடுத்து அடுத்த சீசனையும் ஓட்டிவிடும் மூத்த ஆட்டக்காரர்கள். கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டியை விடாமல் நடத்திவருபவர்கள். ஹாக்கி இந்தியா இவர்களுக்கு நன்றி சொல்ல விரும்பினால் ஒரு வேலை செய்யலாம். மாநில அரசின் பணத்தில் அமைந்த ஒவ்வொரு டர்ஃபுக்கும் வாராந்தர நேர அட்டவணையைப் பொதுவில் வெளியிடச் சொல்லட்டும். எந்தப் பள்ளிக்கு எந்த நேரம், அதில் பெண்கள் அணிகளுக்கு எவ்வளவு என்பது அதில் இருக்கட்டும். அடுத்த டிசம்பரில் அந்த அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு வளர்ச்சியைப் பேசுவோம்.

ஜனவரி 3 முதல் ஹாக்கி இந்தியா லீக் ஆட்டங்கள் சென்னையில் தொடங்குகின்றன. பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பெண்கள் லீக் ராஞ்சியில் நடக்கிறது, தொலைக்காட்சியிலாவது பாருங்கள். உங்கள் மாவட்டத்து டர்ஃப் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கிறது, யாரைக் கேட்டால் உள்ளே விடுகிறார்கள் என்பது தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஊர் பெயரோடு.