செம்புக் குழாயைப் பிளையரால் வெட்டுகிற மகராசன்களே!

தீபாவளி நெருங்கினால் போதும், சுங்கை சிப்புட்டில் தாமான் தாமானாகப் பழைய ஏர்கோன் இறங்கும், புதுசு ஏறும். கூடவே அந்தப் பாழாய்ப்போன சத்தமும் வரும். புஸ்ஸ்ஸ்! வெட்டுப்பட்ட குழாய் முனையில் வெள்ளைப் புகை, சுவரில் எண்ணெய்க் கறை. ஏணி மேல் நிற்கிறவர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, "காத்துதாண்ணே, போயிடும்" என்பார். எங்கேய்யா போகும்? காற்றோடு கலந்து கடைசியில் மேலேதான் போகும்.

ஒரு எச்.பி. (குதிரைசக்தி) பழைய ஏர்கோனில் ஆர்-22 என்கிற குளிர்வாயு சுமார் 700 கிராம் இருக்கும். அந்த வாயுவை ஒரு கிலோ வெளியே விட்டால், பூமியைச் சூடாக்குவதில் 1,810 கிலோ கரியமில வாயுவை விட்ட கணக்கு. ஆக, ஒரே வெட்டில் ஒன்றேகால் டன். ஓசோனைத் தின்பது தனிக் கணக்கு. இந்த நாட்டில் குளிர்வாயுவுக்கென்று 1999-லேயே விதிமுறை வந்தாச்சு. இன்னும் பிளையர்தான் பேசுகிறது.

இத்தனைக்கும் கம்ப்ரசர் ஓடுகிற ஸ்பிளிட் யூனிட்டில் பம்ப் டவுன், அதாவது வாயுவை வெளி யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டுவது, பெரிய வித்தையா? கூலிங்கில் சில நிமிஷம் ஓட விடு. பெரிய குழாயின் சர்வீஸ் வால்வில் அழுத்தம் காட்டுகிற கேஜ் மாட்டு. அலன் கீயால் சின்னக் குழாயின் வால்வை முழுசாக மூடு. முள் சரசரவென்று இறங்கும். பூஜ்யத்தைத் தொடப்போகும்போது பெரிய வால்வை மூடு, உடனே சுவிட்சை அணை. அவ்வளவுதான், வாயு முழுக்க வெளி யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது.

இதிலும் அவசரக்குடுக்கைகள் உண்டு. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயைப் பிடித்திருக்கிற பிளேர் நட்டைத் தளர்த்துவார்கள். காற்று உள்ளே போய், எண்ணெயோடு சேர்ந்து அழுத்தம் ஏறினால் கம்ப்ரசர் வெடிக்கும். உள் யூனிட்டில் ஓட்டை இருந்து, அது காற்றை இழுத்தாலும் இதே கதிதான். ஓட்டை இருக்கிற மெஷினில் பம்ப் டவுன் செய்யவே கூடாது.

சரி, ஒழுங்காகப் பம்ப் டவுன் செய்த புண்ணியவான் அடுத்து என்ன செய்கிறார்? வாயு நிறைந்த அந்த வெளி யூனிட்டை அப்படியே பெசி புருக் (பழைய இரும்பு) லாரியில் ஏற்றிவிடுகிறார்! அங்கே ஒருவர் செம்புக்காகக் கோடாரியைத் தூக்குவார், இல்லை கேஸ் கட்டரைப் பற்றவைப்பார். 32 டிகிரி வெயிலில் ஆர்-22 சும்மா இருக்கும்போதே 170 பி.எஸ்.ஐ. அழுத்தத்தின் பக்கம் நிற்கும், புது மெஷின்களில் வரும் ஆர்-410ஏ வாயு என்றால் 270-ஐத் தாண்டும். திரவம் கையில் பட்டால் தோல் உறைந்துபோகும். நெருப்பில் பட்டால் ஆர்-22 சிதைந்து அமில ஆவியாகும், பாஸ்ஜீன் என்கிற விஷ வாயுவும் சேர்ந்து வரும். மூடிய ஸ்டோருக்குள் வெட்டினால், காற்றைவிடக் கனமான வாயு தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். நாளைக் கூலிக்கு வேலை செய்கிற அந்த ஆளிடம் இதை யார் சொன்னது?

பம்ப் டவுன் பாதி வேலைதான். மீதிப் பாதி, வாயுவை இழுத்து சிலிண்டரில் அடைக்கிற ரிகவரி மெஷின். கம்ப்ரசர் செத்துப்போன யூனிட்டுக்கு அதை விட்டால் வேறு வழியே கிடையாது. மெஷினின் வாய்க்கு முன்னால் அழுக்கையும் ஈரத்தையும் பிடிக்கிற பில்டர் டிரையர் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் எரிந்த கம்ப்ரசரிலிருந்து வரும் அமிலமும் குப்பையும் மெஷினைத் தின்றுவிடும். முதலில் திரவம், பிறகு ஆவி. வேக்குவத்துக்கு இழுத்ததும் மெஷினை நிறுத்திப் பத்து நிமிஷம் கேஜைப் பார். முள் திரும்ப ஏறினால், எண்ணெயில் கரைந்திருந்த வாயு சோடா மாதிரி பொங்கி வருகிறது என்று அர்த்தம். இன்னொரு தடவை இழு. "பூஜ்யம் காட்டுச்சு பாஸ், முடிஞ்சுது" என்று மூட்டையைக் கட்டுகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

சிலிண்டர் கூத்து இதைவிட மோசம். ஆர்-22 வாங்கிய 13.6 கிலோ டப்பா காலியானதும் அதிலேயே திரும்ப அடைக்கப் பார்க்கிறார்கள். அது ஒரே தடவைக்கு, வால்வு ஒருவழிப் பாதை. அதை நோண்டி நிரப்புவது குண்டு செய்கிற வேலை. மஞ்சள் தலை வைத்த ரிகவரி சிலிண்டர்தான் இதற்கு, அதுவும் எந்த வாயுவுக்கு எத்தனை அழுத்தம் தாங்கும் என்று பார்த்து. அதில்கூட 80 சதவீதத்துக்கு மேல் கூடாது. கழுத்தில் டபிள்யூ.சி. 12 (12 கிலோ தண்ணீர் பிடிக்கும்) என்று குத்தியிருந்தால் 9.6 கிலோதான் கணக்கு, ஆர்-32 என்கிற வாயு லேசானது, இன்னும் குறை. தராசு இல்லாமல் அடைக்கவே அடைக்காதே. வெயிலில் திரவம் விரிந்து சிலிண்டர் முட்ட நிரம்பினால், அப்புறம் அழுத்தத்துக்கு எல்லை கிடையாது. ஆர்-22-உம் 410ஏ-வும் ஒரே சிலிண்டரில் கலந்தால் எதற்கும் உதவாது, அழிக்கத்தான் கொடுக்க வேண்டும். சுத்தமாக எடுத்த ஆர்-22-க்கோ மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. ஓசோனைக் காக்கிற மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, வளரும் நாடுகள் ஆர்-22 மாதிரி வாயுக்களை 2025-க்குள் 67.5 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது கணக்கு, 2030-க்குள் ஏறக்குறைய முழுசும். வருகிற காசைக் காற்றில் விடுகிற வியாபாரம் எந்த ஊரில் நடக்கும்?

ஐஸ்பெட்டியில் இன்னொரு கண்டம். கம்ப்ரசரில் ஆர்-600ஏ என்று ஸ்டிக்கர் இருந்தால் அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸுக்குப் பங்காளி. சாதாரண ரிகவரி மெஷினை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

வீட்டுக்காரர்களே, உங்களையும் விடுவதாக இல்லை. புது ஏர்கோனுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட்டைச் சிரித்துக்கொண்டே எண்ணிக் கொடுக்கிறீர்கள். "பழசுல இருக்கிற கேஸை இழுக்கணும்ணே, தனிக் காசு" என்றால் மட்டும், "பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சும்மா கழட்டினாங்களே" என்று மல்லுக்கு நிற்கிறீர்கள். சும்மா கழற்றினவர் பிளையரோடு வந்தவர் ஐயா! அடுத்த தடவை ஆள் வந்தால், ஏணியைச் சாத்த விடுவதற்கு முன்னால் வேனைத் திறக்கச் சொல்லுங்கள். கேஜ், தராசு, மஞ்சள் தலை சிலிண்டர், மெஷின். நாலில் ஒன்று குறைந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.